கொடி ஏறிய மறுநாள் காலை: வாசகர் கேள்வி – பதில்

ஆகஸ்ட் இதழ் என்பதால் இந்த மாதம் ஆசிரியர் குழுவே தலைப்பைக் கொடுத்துவிட்டது: விடுதலைப் போராட்டத்தையும் ஒரு தேசம் பிறந்த கதையையும் திரைப்படங்கள் எப்படிக் காட்டுகின்றன? கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. திரைப்படச் சங்கத்தில் 16 எம்.எம். புரொஜெக்டர் ஓட்டி, ரீல் அறுந்தால் ஒட்டி, படம் முடிந்ததும் நாற்காலி அடுக்கி, அப்படியே இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தவன். படத்தைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். தாத்தாவுக்குத் தியாகி பென்ஷன் வாங்கித் தர முடியுமா என்று எழுதிய அன்பர் தாலுகா ஆபீஸை அணுகவும்.

கே: 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் பேசும் வசனத்தைப் பேசிப் பள்ளியில் கோப்பை வாங்கினேன். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறார் எங்கள் பேராசிரியர். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடவா சார்?
(கல்லூரி முதலாண்டு மாணவர்)

ப: கோப்பை உங்களுடையது தம்பி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொண்டைக்குக் கொடுத்த பரிசு அது.

பேராசிரியர் சொன்னது வசனத்துக்குத்தான் பொருந்தும். சந்திப்பு நடந்தது நிஜம். 1798 செப்டம்பர், இடம் ராமநாதபுரம். அதற்கு முன்னால் கலெக்டர் ஜாக்சன், 'வந்து பார்' என்று ஆள் அனுப்புவதும், கட்டபொம்மன் வந்து நின்றால் 'இங்கே முடியாது, அடுத்த ஊருக்கு வா' என்பதுமாக நாள்கணக்கில் அலைக்கழித்திருக்கிறார். ராமநாதபுரத்திலும் நிற்க வைத்தே விசாரணை. முடிவில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் செத்தார், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய காரியதரிசி சுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கொண்டார்.

யாரும் பேச்சுப் போட்டியில் பேசாத சங்கதி இனிமேல்தான் வருகிறது. கட்டபொம்மன் சென்னைக்கு மனு எழுதினார். கம்பெனி ஒரு விசாரணைக் குழு போட்டது. தப்பு ஜாக்சன் மேல் என்று முடிவாகி, அவருக்கு வேலை போனது. பிள்ளையும் விடுதலையானார். அப்படியும் மறு வருஷமே கம்பெனித் தளபதி பானர்மன் படையோடு வந்தார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கு. கலெக்டருக்கே வேலை போனது எவ்வளவு பெரிய திருப்பம்! ஆனால் ஒருவர் உட்கார்ந்து மனு எழுதுவதையும் குழு கூடி விசாரிப்பதையும் காட்டி எந்தத் தயாரிப்பாளர் கொட்டகையை நிரப்புவார்? அதனால் அந்த நியாயம் முழுவதும் ஒரே மூச்சில் பேசுகிற வசனமாக மாறிவிட்டது. படம் வந்தது 1959இல். அதற்கு முன்பு அது சிவாஜி நாடக மன்றத்தின் மேடை நாடகம். சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தில் கேட்பது பாளையக்காரர் காலத்துத் தமிழ் இல்லை. 1950களின் மேடைத் தமிழ். பொதுக்கூட்டத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன தலைமுறை அதைக் காதால் பார்த்தது. மறு வருஷம் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது. எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கி நாலே வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரனை நேருக்கு நேர் அதட்டுகிற ஒரு குரல் அங்கே புரியாமல் போயிருக்குமா?

கே: அதே பி.ஆர். பந்துலு, அதே சிவாஜி. இரண்டே வருஷத்தில் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' மட்டும் ஏன் ஓடவில்லை? நடிப்பில் என்ன குறை?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

ப: நடிப்பில் குறையே இல்லை, அதுதான் வினை. என் கணக்கில் சிவாஜி மிகக் குறைவாகக் குரலை உயர்த்தி மிக அதிகமாக நடித்த படங்களில் அது ஒன்று.

கட்டபொம்மன் தூக்குமேடையில் முடிந்துபோகிறார். ரசிகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வருவான். வ.உ.சி.யோ பிழைத்து வந்தவர். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908இல் கைது, இரட்டை ஆயுள் என்று நாற்பது வருஷத் தண்டனை, மேல்முறையீட்டில் குறைப்பு, கோவைச் சிறையில் செக்கு. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் சன்னது போயிருந்தது. அதற்கப்புறம் இருபத்து நான்கு வருஷம் உயிரோடு இருந்தார், 1936 வரை. அந்த வருஷங்களை என்ன செய்வது? பெரும்பாலான இயக்குநர்கள் செக்குக் காட்சியோடு முடித்துக்கொண்டு 'சுபம்' போட்டிருப்பார்கள். பந்துலு சிறை வாசலுக்கு வந்தார். மாலை இல்லை, ஊர்வலம் இல்லை. காத்து நிற்பது தொழுநோயில் உருக்குலைந்த சுப்பிரமணிய சிவா, டி.கே. சண்முகம். அந்த இடத்தில் சிவாஜியின் முகத்தைப் பாருங்கள். 'எங்கே எல்லாரும்?' என்ற கேள்வி கண்ணில் எழுந்து, கேட்காமலே விடை தெரிந்துவிடும்.

1961இல் டிக்கெட் எடுத்தவனுக்கு அது கசந்தது. அந்த ஊர்வலத்துக்குப் போகாதவர்கள் அவனுடைய அப்பாவும் சித்தப்பாவும்தானே. வரிவிலக்கெல்லாம் பிற்பாடு வந்து என்ன பயன்?

இன்னொரு சங்கதி. சன்னதைத் திருப்பி வாங்கிக் கொடுத்த வெள்ளைக்கார நீதிபதி வாலஸ் பெயரை நன்றிக்காகத் தன் மகனுக்கு 'வாலேஸ்வரன்' என்று வைத்தவர் வ.உ.சி. வெள்ளையனை எதிர்த்துக் கப்பல் விட்ட கதாநாயகன் பிள்ளைக்கு வெள்ளையன் பெயரை வைக்கிறான் என்று ஒரு காட்சி எழுதிக் கொண்டுபோனால், இன்றைக்கும் எந்தத் தயாரிப்பாளரும் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்.

விடுதலைப் படம் பார்க்கும்போது நான் முதலில் கவனிப்பது இதைத்தான்: எந்த இடத்தில் நிறுத்தினார்கள்? கொடி ஏறியதோடா, மறுநாள் காலைக்கும் வந்தார்களா?

கே: அல்லூரி சீதாராம ராஜுவும் கொமரம் பீமும் நண்பர்களா? ஆர்.ஆர்.ஆர். பார்த்ததிலிருந்து வீட்டில் சண்டை.
(மென்பொருள் ஊழியர்)

ப: சந்தித்ததாகவே பதிவு கிடையாது. அல்லூரி 1924இல் சுட்டுக் கொல்லப்பட்டார், பீம் 1940இல். படமும் இதைச் சரித்திரம் என்று விற்கவில்லை. புலியைத் தூக்கி வீசுகிற படத்தில் தேதி பார்க்கக் கூடாது. சண்டையை நிறுத்துங்கள்.

கே: வெளிநாட்டுக்காரர்களாவது தங்கள் விடுதலைக் கதையை நேர்மையாக எடுக்கிறார்களா? நாம்தான் மிகையா?
(பத்திரிகை நிருபர்)

ப: அக்கரைப் பச்சை. அயர்லாந்தின் 'மைக்கேல் காலின்ஸ்' (1996) வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய படம். அதில் பிரிட்டனை எதிர்த்த போராளித் தலைவர் காலின்ஸுக்குத் தகவல் கொடுத்த போலீஸ்காரர் நெட் பிராய் பிடிபட்டுச் சாகிறார். நிஜ பிராய் சுதந்திர அயர்லாந்தில் போலீஸ் தலைவராகவே ஆனார், 1972 வரை உயிரோடு இருந்தார். 1920 நவம்பர் 21 அன்று டப்ளினில் குரோக் பார்க் மைதானத்துக்குள் பிரிட்டிஷ் கவச வண்டி புகுந்து ஜனங்களைச் சுடுவதாகக் காட்டுகிறார்கள். அங்கே பதினான்கு பேர் செத்தது உண்மை, வண்டி உள்ளே வந்து சுட்டது கற்பனை.

அமெரிக்காவின் 'தி பேட்ரியட்' (2000) வேறு ரகம். பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊர் ஜனங்களைத் தேவாலயத்துக்குள் பூட்டி எரிக்கிறார்கள். அந்தப் போரில் அப்படி ஒரு சம்பவம் நடந்ததாகப் பதிவில்லை. அதைக்கூட மன்னிப்பேன். தென் கரோலினாவில், 1780இல், கதாநாயகனின் தோட்டத்தில் வேலை செய்யும் கறுப்பர்கள் 'நாங்கள் அடிமைகள் இல்லை, கூலிக்கு உழைக்கும் சுதந்திர மனிதர்கள்' என்கிறார்களே, அதை மன்னிக்க மாட்டேன். காலின்ஸ் படம் விறுவிறுப்புக்காகப் பொய் சொன்னது. இந்தப் படம் கதாநாயகனின் கையைக் கழுவிவிடுவதற்காகச் சொன்னது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

கே: அட்டன்பரோவின் 'காந்தி'யில் அம்பேத்கர் இல்லை, நேதாஜி இல்லை. எட்டு ஆஸ்கர் வாங்கிய படம் இப்படிச் செய்யலாமா?
(வழக்கறிஞர்)

ப: ஒரு மனிதரின் வாழ்க்கையை ஒரே தடவையில் சொல்லி முடிக்க முடியாது என்று படமே ஆரம்பத்தில் எழுத்துப் போட்டு முன்ஜாமீன் வாங்கிக்கொள்கிறது. 1893இல் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டது முதல் 1948 வரை, மூன்று மணி பதினோரு நிமிடத்துக்குள். நேதாஜி விடுபட்டதை இடப் பற்றாக்குறை என்று சொல்லி ஒப்பேற்றிவிடலாம். அம்பேத்கர் விடுபட்டது அப்படி இல்லை. 1932 பூனா ஒப்பந்தத்தைக் காட்டினால், காந்தியை எதிர்த்து நிற்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். எதிரில் நிற்பவர்கள் எல்லாம் வெள்ளைக்கார அதிகாரிகள் என்றால் திரைக்கதை எழுத வசதி.

ஆனால் அந்தப் படத்தை ஒதுக்கித் தள்ள மாட்டேன். தராசனா உப்பளக் காட்சி ஒன்று போதும். வரிசை வரிசையாக நடந்து போகிறார்கள். லத்தி மண்டையில் இறங்குகிறது. விழுந்தவர்களைப் பெண்கள் இழுத்துப்போய்க் கட்டுப் போடுகிறார்கள். அடுத்த வரிசை வருகிறது. ஒருவர் கைகூட அடியைத் தடுக்க உயரவில்லை. அகிம்சை என்று பாடப் புத்தகத்தில் படித்தது உடம்பில் எப்படி இருக்கும் என்பதை அங்கேதான் பார்த்தேன். அதை உலகத்துக்குச் சொல்லும் நிருபர் வாக்கர் கற்பனைப் பெயர். 1930 மே மாதம் நிஜத்தில் அங்கே நின்று எழுதியவர் யுனைடெட் பிரஸ் நிருபர் வெப் மில்லர். இறுதி ஊர்வலக் காட்சிக்கு 1981 ஜனவரி 31 அன்று மூன்று லட்சம் பேருக்கு மேல் டெல்லியில் கூடினார்கள். கம்ப்யூட்டர் கூட்டம் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டுப் போட்டுக் காட்டுங்கள்.

அம்பேத்கர் வேண்டுமென்றால் ஜப்பார் படேல் எடுத்த படம் இருக்கிறது. மம்மூட்டி நடித்து தேசிய விருது வாங்கியும், தமிழில் கொட்டகைக்கு வர 2010 ஆகிவிட்டது. அந்தத் தாமதத்தையே ஒரு படம் எடுக்கலாம். பாகிஸ்தான்காரர்கள் 'ஜின்னா' (1998) எடுத்தார்கள். ஜின்னாவாக நடித்தவர் கிறிஸ்டோபர் லீ. டிராகுலாவாக நடித்தவரையா எங்கள் தேசத் தந்தையாகப் போடுவது என்று அங்கே பெரிய ரகளை. லீயோ தன் வாழ்நாளிலேயே சிறந்த வேடம் அதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கே: வெள்ளைக்காரன் ஆண்டபோதே சுதந்திரப் படங்கள் எடுத்தார்களா? சென்சார் விட்டதா?
(முதுகலை வரலாறு மாணவி)

ப: இந்த மாதத்தின் அருமையான கேள்வி அம்மா. நேராக எடுக்க முடியாது. அதனால் புராணத்துக்குள் ஒளித்தார்கள், பாட்டுக்குள் ஒளித்தார்கள்.

1921இல் 'பக்த விதுரர்' என்று ஒரு மௌனப் படம். மகாபாரத விதுரர்தான், ஆனால் தோற்றம் காந்தியின் சாயல், தலையில் குல்லாய். அரசாங்கத்துக்குப் புரிந்துவிட்டது, சென்னையிலும் கராச்சியிலும் தடை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. கதைக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது, திடீரென்று டி.பி. ராஜலட்சுமி காந்தியின் ராட்டினத்தைப் புகழ்ந்து பாடுவார். எழுதியவர் பாஸ்கரதாஸ். சினிமா தமிழில் வாயைத் திறந்த முதல் நாளே ராட்டினம் சுற்றிவிட்டது.

1939இல் கே. சுப்ரமணியத்தின் 'தியாகபூமி'. கல்கியின் கதை, பாபநாசம் சிவன், எஸ்.டி. சுப்புலட்சுமி. கணவனால் கைவிடப்பட்ட பெண் செல்வத்தோடு திரும்பி வந்து, அதையும் துறந்துவிட்டுத் தேச சேவைக்குப் போகிறாள். வெளியான சில மாதங்கள் கழித்து அரசு தடை போட்டது. உத்தரவு வருவதற்குள் ஜனங்கள் பார்த்துவிடட்டும் என்று சென்னை கெயிட்டியில் இலவசமாக ஓட்டினார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1943 'கிஸ்மத்' இந்திப் படத்துச் சாமர்த்தியம். 'வெள்ளையனே வெளியேறு' முடிந்த அடுத்த வருஷம். உலகத்தாரே எட்டிப் போங்கள், இந்துஸ்தானம் எங்களுடையது என்று ஒரு பாட்டு. கவி பிரதீப் அதற்குள் ஜெர்மன்காரன், ஜப்பான்காரன் என்று இரண்டு பெயரையும் சேர்த்து வைத்தார். சென்சார் அதிகாரி, ஆகா நம் எதிரிகளைத் திட்டுகிறார்கள் என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாதா?

ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' வந்தது 1947 ஜனவரியில். பேபி கமலா ஆட, டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதியின் 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே'. சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று பாடி ஆடுகிறார்கள். ஆகஸ்ட் 15க்கு இன்னும் ஏழு மாதம். எழுதிய பாரதி போய்ச் சேர்ந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல்.

நடிகர்களே இல்லாமல் ஒரு வேலை செய்தவர் ஏ.கே. செட்டியார். காந்தி எங்கெங்கே படம் பிடிக்கப்பட்டாரோ அங்கெல்லாம் உலகம் முழுக்கத் தேடிப்போய், சுமார் 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்து, 1940இல் தமிழ் விளக்கத்தோடு ஆவணப் படமாக வெளியிட்டார். நம் பாடப் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி இருந்தால் சந்தோஷப்படுவேன்.

கே: 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். அது உண்மையில் செய்திப் படமா, நடித்ததா? பார்த்துவிட்டுக் குழம்பிவிட்டேன்.
(புகைப்படக் கலைஞர்)

ப: பிரான்ஸை எதிர்த்து அல்ஜீரியா நடத்திய விடுதலைப் போரின் கதை அது. முழுக்க நடித்தது. இதில் செய்திப் படத் துண்டு ஓர் அடிகூடக் கிடையாது என்று அமெரிக்கப் பிரதியில் எழுத்தே போட்டார்கள். செட்டியார் நிஜத் துண்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். இத்தாலியரான பொன்டெகோர்வோ எல்லாவற்றையும் புதிதாக நடிக்க வைத்து, நிஜத் துண்டு மாதிரி சொரசொரப்பாக்கினார். 1966இல் வெனிஸில் தங்கச் சிங்கம். பிரான்சிலோ பல வருஷம் திரையிட முடியவில்லை. தொழில்முறை நடிகர் என்று சொல்ல கர்னல் மாத்தியூவாக வரும் ஜான் மார்ட்டின் ஒருவர்தான். போராளித் தலைவராக வருகிறாரே சாதி யாசெஃப், அவர் நிஜமாகவே அந்தத் தலைவர். பிரெஞ்சுச் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்து உயிர் தப்பியவர், விடுதலைக்குப் பிறகு இந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர். தன்னைப் பிடிக்கும் காட்சியில் தானே நடித்தார்.

நீங்கள் குழம்பிய இடம் எது என்று எனக்குத் தெரியும். மூன்று பெண்கள் கண்ணாடி முன்னால். முக்காட்டை எடுக்கிறார்கள், முடியை வெட்டுகிறார்கள், சாயம் பூசுகிறார்கள், ஐரோப்பியப் பெண் மாதிரி உடுத்திக்கொள்கிறார்கள். பேச்சு கிடையாது, முரசு மட்டும். கூடையில் வெடிகுண்டு. சோதனைச் சாவடியில் சிப்பாய் வழிந்து பேசி வழிவிடுகிறான். அதுவரை நீங்கள் அந்தப் பெண்கள் பக்கம். 'மாட்டிக்கொள்ளக் கூடாதே' என்று கை பிசைகிறீர்கள். அப்புறம் ஒருத்தி உணவு விடுதிக்குள் உட்கார்ந்து, கூடையைக் காலால் தள்ளிவிட்டு, சுற்றிப் பார்க்கிறாள். காமெரா அவள் கண்ணாகிறது. குடித்துக்கொண்டு சிரிக்கும் முகங்கள். ஐஸ்கிரீம் நக்கும் ஒரு சின்னக் குழந்தை. அந்தக் குழந்தையைக் காட்டாமல் விட்டிருந்தால் படம் இன்னும் 'வெற்றிகரமாக' இருந்திருக்கும். இரண்டு பக்கத்துச் சாவுக்கும் ஒரே இசையைப் போட்டார்கள், கவனித்தீர்களா? எங்கள் சங்கத்தில் இதைத் திரையிட்ட இரவு, வாக்குவாதம் முற்றி, வாட்ச்மேன் வந்து விளக்கை அணைத்த பிறகும் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. படம் 1960 டிசம்பரில் தெருவில் திரண்ட கூட்டத்தில், கொடியோடு சுழன்றாடும் ஒரு பெண்ணில் முடிகிறது. 1962 ஜூலையில் தேசம் பிறந்தது என்று ஒரு குரல் சொல்லிவிடும். ஆனால் படம் பிடித்த 1965ஆம் வருஷம் ஜூன் மாதத்தில்தான் அந்தத் தேசத்தின் முதல் ஜனாதிபதி பென் பெல்லாவை ராணுவம் கவிழ்த்தது. தெருவில் பழைய புரட்சி நடித்துக் காட்டப்பட்டது, கோட்டையில் புதிய அதிகாரம் குடியேறியிருந்தது. மறுநாள் காலைக்கு இந்தப் படமும் வரவில்லை.

இன்னொன்று. 2003இல் ஈராக்குக்குள் படை போன பிறகு அமெரிக்க ராணுவத் தலைமையகம் பென்டகனில் இதைத் திரையிட்டார்கள். எந்தப் பாத்திரத்தின் இடத்தில் தங்களை வைத்துப் பார்த்தார்களோ.

கே: அப்படியானால் மறுநாள் காலைக்கு வந்த படம் எது? ஒன்றாவது சொல்லுங்கள்.
(நூலகர்)

ப: இரண்டு சொல்கிறேன். முதலாவது கென் லோச் எடுத்த 'தி விண்ட் தட் ஷேக்ஸ் தி பார்லி' (2006), கானில் தங்கப் பனை வாங்கியது. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்துக் கதை. டேமியன் லண்டனுக்கு டாக்டர் வேலைக்குப் போக வேண்டியவன், போராளியாகிவிடுகிறான். காட்டிக்கொடுத்த பையனைச் சுடும் பொறுப்பு அவன் தலையில் விழுகிறது. சிறு வயதிலிருந்து தெரிந்த பையன். சுட்டுவிட்டு அந்தத் தாயிடம் போகிறான். உன் முகத்தில் இனி விழிக்க மாட்டேன் என்கிறாள். பிறகு பிரிட்டனோடு 1921 ஒப்பந்தம் வருகிறது. அதை ஊர் ஜனங்கள் தெரிந்துகொள்வது ஒரு சினிமாக் கொட்டகையில். செய்திப் படம் ஓடுகிறது, ஒருவர் பியானோ வாசிக்கிறார். சமாதானம் என்றதும் ஆரவாரம். அடுத்தடுத்த எழுத்துகளில் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம், வடக்கு தனி என்று வரவர, கொட்டகை அடங்கிப்போகிறது. உள்நாட்டுப் போரில் அண்ணன் அரசுப் பக்கம், தம்பி எதிர்ப்பக்கம். கடைசியில் தம்பியைச் சுட ஆணையிடுவது அண்ணன்.

இரண்டாவது நம்முடையது: எம்.எஸ். சத்யு எடுத்த 'கரம் ஹவா' (1973). ஆக்ராவில் செருப்புத் தொழில் செய்யும் சலீம் மிர்சா, பல்ராஜ் சாஹ்னி. பிரிவினை நடந்துவிட்டது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ரயிலேறுகிறார்கள். வழியனுப்பிவிட்டுத் திரும்புவதே அவருக்கு வேலையாகிறது. அண்ணன் பெயரில் இருந்த பூர்வீக வீடு கையை விட்டுப் போகிறது. பாங்க் கடன் கொடுக்கத் தயங்குகிறது, வாடகை வீடு கிடைப்பதில்லை, எல்லாம் சிரித்த முகத்தோடு மறுக்கப்படுகிறது. கத்தி, ரத்தம் என்று கலவரத்தைத் துரத்தாமல், ஒரு மனிதரின் அன்றாடம் எப்படிச் சுருங்குகிறது என்று காட்டிய படம்.

வீட்டைக் காலி செய்யும் நாளில் பாட்டியைக் காணோம். தேடினால், விறகு போட்டு வைக்கும் இருட்டறைக்குள் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமாகி வந்த வீடு, வர மாட்டேன் என்கிறாள். தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள். சாகும் தறுவாயில் பல்லக்கில் வைத்து அந்த வீட்டுக்கே கொண்டுவருவார்கள். தேச எல்லை எங்கே போட்டார்கள் என்பதே அவளுக்கு ஒரு பொருட்டில்லை. படம் சென்சாரில் மாதக்கணக்கில் கிடந்தது. பல்ராஜ் சாஹ்னி டப்பிங் முடித்துக் கொடுத்த மறுநாள் இறந்தார். வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை.

கே: போராட்டப் படங்களில் பெண்கள் திலகமிட்டு வழியனுப்புவது, விதவையாவது தவிர வேறு என்ன செய்கிறார்கள்?
(கல்லூரி விரிவுரையாளர்)

ப: நியாயமான கோபம். 'சாம்பிசாங்கா' (1972) பாருங்கள். அங்கோலாவின் கதை, நாடு விடுதலை பெற்றது 1975இல், ஆக இது போர் நடக்கும்போதே எடுத்தது. சொந்த மண்ணில் எடுக்க முடியாமல் காங்கோவில் எடுத்தார்கள். டிராக்டர் ஓட்டும் கணவனைப் போலீஸ் இழுத்துப் போகிறது. மரியா முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக நடக்கிறாள். படத்தின் பெரும்பகுதி அந்த நடைதான். இயக்கிய சாரா மால்டொரோர், அல்ஜியர்ஸ் படத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். ஆண்கள் சித்திரவதையையும் துப்பாக்கியையும் படமெடுத்த இடத்தில், அந்தப் பெண்மணி காத்திருப்பதையும் அலைவதையும் எடுத்தார்.

கே: அரசாங்கப் பணத்தில் எடுத்தால் அது பிரசாரப் படம்தானே?
(அஞ்சல் ஊழியர்)

ப: பெரும்பாலும். ஆனால் 'காந்தி'யிலும் நம் அரசு நிறுவனத்தின் பணம் இருந்தது. இத்தாலிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய லிபியாவின் உமர் முக்தார் கதையான 'லயன் ஆஃப் தி டெசர்ட்' (1981) கடாஃபி அரசின் பணத்தில் வந்தது. இத்தாலி 1982இல் அதைத் தடை செய்தது; கொட்டடியில் அடைக்கப்பட்ட ஜனங்களைப் பார்க்க அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. பணம் கொடுத்தவர் யார் என்பதைத் தெரிந்துகொண்டு பாருங்கள், பார்க்காமல் இருக்காதீர்கள். முக்தாராக ஆண்டனி குயின், கிழவராக, மூக்குக் கண்ணாடியோடு. குரான் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் மலையில் படை நடத்துவதை நம்ப வைத்துவிடுவார்.

கே: சுதந்திர தினத்தன்று எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு படம் போட வேண்டும். இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. எது போடலாம் ஐயா?
(தலைமை ஆசிரியை)

ப: அல்ஜியர்ஸ் வேண்டாம் அம்மா, சித்திரவதைக் காட்சிகள் அந்த வயதுக்குக் கனம். 'கரம் ஹவா'வில் ஒரு பெண்ணின் தற்கொலை இருக்கிறது. அதையும் கல்லூரிக்கு விட்டுவிடுவோம். 'கப்பலோட்டிய தமிழன்' போடுங்கள். முழுப் படம் உங்கள் நேரத்துக்குள் அடங்காது. முதல் பாதியை நீங்களே ஐந்து நிமிடத்தில் கதையாகச் சொல்லிவிட்டு, கைதுக்குச் சற்று முன்னாலிருந்து ஓட்டுங்கள். செக்கோடு நிறுத்திவிடாமல் சிறை வாசலையும் தாண்டிக் கடைசி வரை ஓடட்டும். வ.உ.சி. செய்யுளாகவே எழுதிய சுயசரிதை இருக்கிறது. அதில் சிறைப் பகுதியை நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை விட்டுப் படம் தொடங்கும் முன் வாசிக்கச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கரை முதல் நாளே சோதித்துப் பாருங்கள், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். சிறப்பு விருந்தினர் உரையைப் படத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். படம் முடிந்ததும் மைக் பிள்ளைகள் கைக்குப் போகட்டும். அவர்கள் ஏடாகூடமாகக் கேட்பார்கள், அதனால் முன் வரிசையில் ஆசிரியர்கள் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் உட்பட.